அப்பா விட்டுச்சென்ற பழைய சாக்ஸபோன்: மதிப்பறிந்து விற்பது எப்படி?

கேள்வி

வணக்கம். அண்மையில் காலமான எங்கள் தந்தையார் இளவயதில் இசைக்குழு ஒன்றில் சாக்ஸபோன் வாசித்தவர். அவருடைய வாத்தியம் இப்போது எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. அக்கா, தம்பி, நான் என எங்கள் மூவரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. பெட்டிக்குள் கிடந்து வீணாவதைவிட, வாசிக்கத் தெரிந்த ஒருவர் கைக்குப் போய்ச் சேர்வதையே அப்பா விரும்பியிருப்பார் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், எது நியாயமான விலை என்பதைக் கண்டறியத்தான் எங்களுக்கு வழி தெரியவில்லை.

வாத்தியத்தின் அகன்று விரிந்த முனையான பெல்லில் 'கான்' என்ற நிறுவனப் பெயரும் அதன் கீழே ஒரு பெண்ணின் உருவமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொன்னிறப் பூச்சு பல இடங்களில் தேய்ந்து, உலோகம் பழுப்பேறித் தெரிகிறது. பின்புறத்தில் 1914 என்ற ஆண்டும், அதை அடுத்து 1119954 என்ற எண்ணும் இருக்கின்றன. அவற்றின் கீழே இன்னும் சில எழுத்துகள் அழுக்குப் படிந்து மங்கியிருக்கின்றன. அப்படியானால் இது நூறு ஆண்டுகளைக் கடந்த வாத்தியமா? அந்தப் பழமைக்காகவே நல்ல விலை கிடைக்குமா?

விற்பதற்கு முன் பாலிஷ் செய்து புதிதாக லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சைப் பூசிவிட்டால் விலை கூடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். பழைய பொருள்களை வாங்கும் வியாபாரி ஒருவரோ, பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளது உள்ளபடியே இப்போதே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு தொகையையும் கூறிவிட்டார். இரண்டில் எதற்கும் நாங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பதில் 1 (பழுதுபார்ப்பவர்)

இரண்டுக்கும் சம்மதிக்காமல் காத்திருந்தது மிகவும் நல்லது. குறிப்பாக அந்தப் பாலிஷ் யோசனையை அடியோடு கைவிட்டுவிடுங்கள் என்று முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு விளக்குகிறேன்.

1914 என்பது உங்கள் வாத்தியம் செய்யப்பட்ட ஆண்டு அன்று. சாக்ஸபோனின் உடலில் துளைகளின் விளிம்புச் சுவர்களைத் தனியாகச் செய்து பற்றவைப்பதற்குப் பதிலாக, அந்த உடலின் உலோகத்திலிருந்தே அவற்றை இழுத்து எழுப்பும் முறைக்கு 1914 டிசம்பர் 8 அன்று அளிக்கப்பட்ட காப்புரிமையின் தேதி அது. 1119954 என்பதும் அந்தக் காப்புரிமையின் எண்ணே. பிற்காலத்தில் பல ஆண்டுகள் கான் நிறுவனம் செய்த சாக்ஸபோன்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் ஒரே மாதிரி இடம்பெற்றிருப்பதால், இவற்றை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. உங்களுக்கு வேண்டியது இவற்றின் கீழே மங்கியிருக்கும் எழுத்துகள்தாம். உலர்ந்த மென்மையான துணியால் அந்த இடத்தை மட்டும் மெல்லத் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தனியாக ஓர் எழுத்தும், அதன்கீழ் 'எம்' என்று தொடங்கும் வரிசை எண்ணும், அடியில் இன்னோர் எழுத்தும் இருக்க வேண்டும்.

முதல் எழுத்து வாத்தியத்தின் வகையைச் சொல்லும்: 'ஏ' என்றால் ஆல்ட்டோ, 'டி' என்றால் டெனர், 'சி' என்றால் சி-மெலடி. இந்த வேறுபாடு விலையைப் பெரிதும் மாற்றும். சி-மெலடி 1920களில் வீடுதோறும் வாசிக்கப்பட்ட வகை, ஏராளமாகச் செய்யப்பட்டது. இன்று அதை நாடுவோர் குறைவு என்பதால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும் பெரிய விலைக்குப் போவதில்லை. அடியில் உள்ள எழுத்து சுருதியைக் குறிப்பது. 'எல்' என்றிருந்தால் இன்று உலகெங்கும் வழங்கும், 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற சுருதிக்குச் செய்யப்பட்டது என்று பொருள். 'எச்' என்றிருந்தால் ஏறத்தாழ 457 ஹெர்ட்ஸ் என்ற பழைய உயர் சுருதிக்குச் செய்யப்பட்டது. அதை மற்ற வாத்தியங்களோடு சேர்த்து வாசிக்க முடியாது, எந்தப் பழுதுபார்ப்பாலும் அதைச் சரிசெய்யவும் முடியாது. அத்தகைய வாத்தியம் காட்சிப் பொருளாகத்தான் விலைபோகும். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது இந்த ஓர் எழுத்தைத்தான் என்பதால், விற்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இனி பாலிஷுக்கு வருகிறேன். மறுபூச்சுக்காகப் பழைய லாக்கரை நீக்கிச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கும்போது, பூச்சு மட்டும் போவதில்லை. அடியிலுள்ள பித்தளையும் சேர்ந்தே தேய்கிறது. பொறிப்பின் கோடுகள் ஆழம் இழந்து மழுங்குகின்றன, வரிசை எண்ணின் இலக்கங்கள் கரைந்ததுபோல் ஆகின்றன, துளைகளின் விளிம்பு சமநிலை தவறுகிறது. பார்வைக்குப் புதிதாக மின்னும் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்த உடனே, விவரம் தெரிந்தவர் அது மறுபூச்சு பெற்றது என்று கண்டுகொண்டு விலையைக் கணிசமாகக் குறைத்துவிடுவார். தேய்ந்தும் நிறம் மாறியும் இருக்கும் அசல் பூச்சுக்குத்தான் சந்தையில் மதிப்பு. வீட்டில் கிடைக்கும் பித்தளைத் துலக்கியைக்கூட அதன்மேல் பயன்படுத்தாதீர்கள். கீகளின் அடியில் இருந்து துளைகளை மூடும் பேட்கள் கம்பளிமேல் தோல் போர்த்திச் செய்யப்பட்டவை. துலக்கியின் ஈரம் பட்டால் விறைத்துப்போகும். வெள்ளிப்பூச்சுள்ள வாத்தியம் கறுத்திருந்தாலும் அதனால் வெள்ளிக்குக் கேடில்லை, துடைப்பதை வாங்குபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

துளைகளின் விளிம்பு மட்டும் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கத்தி முனைபோல் நேராக நிற்கிறதா, அல்லது வெளிப்பக்கம் சுருண்டு உருண்டையாக இருக்கிறதா?

பதில் 2 (டெனர் வாசிப்பவர்)

மேலே சொன்னதை ஒட்டி, வாசிப்பவர்களின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். சாக்ஸபோன் உலகில் பழமை தானாகவே மதிப்பைத் தருவதில்லை. அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து எண்ணற்ற வாத்தியங்கள் செய்யப்பட்டுவிட்டன. அவற்றுள் வாசிப்பவர்கள் இன்றும் தேடி அலைவது சில மாடல்களை மட்டுமே. 1954-இல் வெளிவந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செய்யப்பட்ட, செல்மர் நிறுவனத்தின் மார்க் சிக்ஸ் அவற்றுள் முதலாவது. அதிலும் ஐந்து இலக்க வரிசை எண் கொண்டவை, அதாவது 1962 வாக்கில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடப்பதற்கு முன் செய்யப்பட்டவை, தனி விலைக்குப் போகின்றன. அதற்கு முந்தைய செல்மர் சூப்பர் பேலன்ஸ்டு ஆக்‌ஷன், கிங் நிறுவனத்தின் சூப்பர் 20, கான் நிறுவனத்தின் 6எம் ஆல்ட்டோ, 10எம் டெனர் ஆகியவையும் இந்தப் பட்டியலில் அடங்கும். பள்ளி மாணவர்களுக்காகச் செய்யப்பட்ட பண்டி போன்றவை உறுதியானவை. ஆனால் முழுப் பழுதுபார்ப்புக்கு ஆகும் செலவே பல வேளைகளில் அவற்றின் விலையைத் தாண்டிவிடும்.

பெரிய ஜாஸ் கலைஞர்களின் கையில் இருந்த மாடல்களுக்கு மவுசு அதிகம். டெக்ஸ்டர் கார்டன் தம் தொடக்க காலத்தில் வாசித்தது கான் 10எம். சார்லி பார்க்கர் கிங் சூப்பர் 20 வாசித்தார். அந்த நாதத்தைத் தேடுபவர்கள்தாம் உங்களைத் தேடி வரப்போகிறவர்கள்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு: பெட்டிக்குள் இருக்கும் மவுத்பீஸை, அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதியை, அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். நியூயார்க்கிலும் பின்னர் ஃபுளோரிடாவிலும் செய்யப்பட்ட பழைய ஆட்டோ லிங்க் மவுத்பீஸ்களில் சில, சாதாரண சாக்ஸபோன் ஒன்றின் விலையைத் தனியாகவே பெறக்கூடியவை. மேயர், பெர்க் லார்சன், பழைய செல்மர் சோலோயிஸ்ட் ஆகியவற்றுக்கும் வாங்குபவர்கள் உண்டு. பழைய பொருள் வியாபாரிகளில் சிலர் வாத்தியத்துக்கு மட்டும் விலை பேசி, உடன் இருப்பவற்றைச் சும்மா எடுத்துச் செல்வது உண்டு. மவுத்பீஸ் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் கெட்டி ரப்பர். அதை வெந்நீரில் கழுவினால் பச்சை கலந்த பழுப்பாகிவிடும், பிறகு பழைய கறுப்பு தானாகத் திரும்பாது. பெட்டியின் அறைகளில் பழைய ரசீது, அப்பா வாசித்த நிகழ்ச்சியின் புகைப்படம் போன்றவை இருந்தால் அவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒரே கையில் இருந்து வந்த வாத்தியம் என்பதற்கு அவை சான்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே துடைத்துவிட்டு விளக்கைச் சாய்த்துப் பார்த்தோம். மேலே 'டி', அதன்கீழ் 'எம்' என்ற எழுத்தோடு 28 என்று தொடங்கும் ஆறு இலக்க எண், அடியில் 'எல்'. துளைகளின் விளிம்பு எல்லாவற்றிலும் வெளிப்பக்கமாகச் சுருண்டு வழவழப்பாக இருக்கிறது. பெண்ணின் உருவம் ஐங்கோணக் கட்டத்துக்குள் இருக்கிறது. விரல் நுனியால் தடவினால் கோடுகள் நன்றாகவே உணரப்படுகின்றன. உலோக மவுத்பீஸ் ஒன்று, ஊதும்போது அதிரும் நாணல் தகடான ரீட்டோடு பெட்டியில் இருந்தது. அதன்மேல் 'ஆட்டோ லிங்க்' என்று எழுதியிருக்கிறது என்பதைத் தம்பிதான் படித்துச் சொன்னான். பெல்லின் அடிவளைவில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஒடுக்கு இருக்கிறது. சில கீகளை அழுத்தினால் மேலே எழும்பி வரவில்லை. விற்பதற்கு முன் இவற்றை நாங்களே செலவு செய்து சரிசெய்ய வேண்டுமா?

பதில் 3 (பழுதுபார்ப்பவர்)

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் கான் 10எம் டெனரையே காட்டுகின்றன. வரிசை எண்ணைப் பார்த்தால் 1930களின் பிற்பகுதியில் செய்யப்பட்டிருக்கும். மாடல் பெயரை அவர்கள் வாத்தியத்தில் பொறிக்கவில்லை என்பதால்தான் இத்தனை சுற்று. சுருண்ட விளிம்பை 1947 வாக்கில் கான் கைவிட்டது. அதற்கு முந்தையவற்றையே வாசிப்பவர்கள் விரும்புகிறார்கள். கான் நிறுவனம் வேறு கடைகளின் பெயரில் செய்து கொடுத்த வாத்தியங்களில் பெரும்பாலும் இந்தச் சுருள் இருக்காது என்பதால், இது தரத்துக்கும் ஓர் அடையாளம். பொறிப்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது என்பது பூச்சு அசலானது என்பதற்கு நல்ல அறிகுறி. எனினும் நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும்.

அடுத்து நெக்கைக் கவனியுங்கள். உடலையும் மவுத்பீஸையும் இணைக்கும் அந்த வளைந்த குழாய்தான் நாதத்துக்கு மிக முக்கியமானது, எளிதில் கெடுவதும் அதுவே. பக்கவாட்டில் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். வளைவு சீராக ஓடாமல், அடிப்பக்கம் தட்டையாகியோ சுருக்கம் விழுந்தோ இருந்தால், மவுத்பீஸை அழுத்திப் பொருத்தும்போது அது கீழ்நோக்கி வளைந்துபோயிருக்கிறது என்று பொருள். தேர்ந்தவர் அதை நிமிர்த்திவிடலாம், ஆனால் தடம் தெரியும். அசல் நெக் தொலைந்து வேறொன்று பொருத்தப்பட்டிருந்தால் விலை வெகுவாகக் குறையும். பெல்லையும் உடலையும் இணைக்கும் தாங்கியைச் சுற்றி ஈயப்பற்று வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாத்தியம் எப்போதோ கீழே விழுந்து மறுபடி பற்றவைக்கப்பட்டதை அது காட்டிக்கொடுக்கும். சிவப்புப் புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தால், பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறியிருக்கிறது. நெக்கின் உட்புறத்தில் அது கூடுதலாக இருந்தால் வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது.

எழும்பாத கீகளும் அடிவளைவு ஒடுக்கும் கவலைப்பட வேண்டியவை அல்ல. முன்னது ஸ்பிரிங் துருப்பிடித்ததாலோ எண்ணெய் கெட்டியானதாலோ வருவது. பின்னது பழைய டெனர்களில் பரவலாகக் காணப்படுவது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், மரக்காற்று (வுட்விண்ட்) வாத்தியங்களையும் பித்தளை வாத்தியங்களையும் நன்கறிந்த ஒருவரிடம் கட்டணம் கொடுத்துப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை பெறுவதுதான். அவர் இருட்டறையில் மெல்லிய விளக்கொன்றை உடலுக்குள் இறக்கி, கீகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பார். ஒளி கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும் இடம். இருபதுக்கும் மேற்பட்ட பேட்கள் எல்லாவற்றையும் மாற்றி, கார்க்கும் ஸ்பிரிங்கும் புதுப்பித்து முழுப் பழுதுபார்ப்புச் செய்ய எவ்வளவு ஆகும் என்பதையும் அவர் எழுதித் தருவார். அந்தச் செலவை நீங்களே ஏற்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பல கலைஞர்கள் தங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம், தங்களுக்குப் பிடித்த பேட்களைப் போட்டுக்கொள்ளவே விரும்புவார்கள்; நீங்கள் செலவழித்தது முழுவதும் விலையில் திரும்பி வராது. ஆனால் சிறு செலவில் எல்லாச் சுரங்களும் ஒலிக்கும் அளவுக்குச் சரிசெய்ய முடியுமானால், அதை மட்டும் செய்யுங்கள். ஊதிப் பார்த்து வாங்கக்கூடிய வாத்தியத்துக்கும், ஊதவே முடியாத வாத்தியத்துக்கும் கிடைக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: துளைகளைச் சமப்படுத்துகிறேன் என்று யாரும் அந்தச் சுருண்ட விளிம்புகளில் அரம் போடவிடாதீர்கள். சுருளின் மேல்தளம் அறுபட்டால் கூர்மையான விளிம்பு வெளியே வந்து பேட்டின் தோலை வெட்டும். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அடியிலிருந்து உலோகத்தை மெல்ல உயர்த்திச் சமப்படுத்தத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

பதில் 4 (தாத்தாவின் ஆல்ட்டோவை விற்றவர்)

எங்கள் குடும்பத்திலும் இதே நிலை வந்ததால் விலை, விற்பனை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விலை என்பது ஒன்றல்ல என்பதை முதலில் மூவரும் சேர்ந்து புரிந்துகொள்ளுங்கள். காப்பீட்டுக்காக எழுதித் தரப்படும் மதிப்பு, அதே போன்ற ஒன்றைக் கடையில் வாங்கி ஈடுசெய்வதற்கானது. அது எப்போதும் உயர்ந்திருக்கும். பழுதுபார்த்து, உத்தரவாதம் கொடுத்துக் கடைக்காரர் விற்கும் விலை அதற்கு அடுத்தது. நீங்கள் நேரடியாக ஒரு கலைஞருக்கு விற்றால் கிடைப்பது அதைவிடக் குறைவு. கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை எல்லாவற்றிலும் குறைவு. பழுதுபார்ப்பும், விற்கும்வரை முடங்கும் பணமும், லாபமும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் அதில் அநியாயம் ஏதுமில்லை. முதல் தொகையைக் காதில் வாங்கிக்கொண்டு கடைசித் தொகையைக் கையில் வாங்கும்போதுதான் உடன்பிறந்தவர்களுக்குள் சந்தேகம் முளைக்கிறது. உங்கள் அக்காவும் தம்பியும் பரிசோதனை அறிக்கையையும், எந்த விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்ற முடிவையும் எழுத்தில் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு விற்பனையைத் தொடங்குங்கள்.

ரிவெர்ப், ஈபே போன்ற இணைய விற்பனைத் தளங்களில் விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல மாதங்களாக விற்காமல் கிடக்கும் வாத்தியத்துக்கும் அங்கே ஒரு விலை எழுதப்பட்டிருக்கும். விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி அங்கே உண்டு. அதில் 10எம் டெனரை, சுருண்ட விளிம்பு, அசல் பூச்சு, பழுதுபார்ப்பு நிலை ஆகியவை ஒத்திருப்பவற்றோடு ஒப்பிட்டால் நம்பத்தகுந்த வரம்பு ஒன்று கிடைக்கும். உங்கள் வியாபாரி சொன்ன தொகையை அதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

அவசரம் இல்லையென்றால், பழைய சாக்ஸபோன்களைக் கையாளும் கடையொன்றில் விற்றுத் தரும்படி ஒப்படைத்து, விற்ற பிறகு கமிஷன் கொடுப்பது உங்களைப் போன்று வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து. வருகிறவர்களுக்கு ஊதிக் காட்டவும், கேள்விகளுக்கு விடை சொல்லவும் அங்கே ஆள் இருப்பார்கள். கமிஷன் எவ்வளவு, பழுதுபார்ப்புச் செலவு யாருடையது, கடையில் இருக்கும்போது திருடுபோனால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நேரடியாக விற்பதானால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் தேவை. முழு உருவம் இரு பக்கமும், பொறிப்பு, வரிசை எண், பக்கவாட்டில் நெக், துளை விளிம்புகள், அந்த ஒடுக்கு ஆகிய எல்லாம் அருகிலிருந்து தெரிய வேண்டும். குறையை முதலிலேயே காட்டிவிட்டால் பிறகு பேரம் பேச அதை ஆயுதமாக்க முடியாது. தொலைவிலிருந்து வாங்குபவர் சில நாள் ஊதிப் பார்த்துத் திருப்பித் தரும் உரிமை கேட்பது வழக்கம். பணம் உங்கள் கணக்கில் வந்து உறுதியானபின் அதை அனுமதிக்கலாம். சொன்ன விலைக்கு மேல் காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பியனுப்பச் சொல்பவர் மோசடிக்காரர்.

ஆட்டோ லிங்க் மவுத்பீஸைச் சேர்த்துக் கொடுக்காமல் தனியே விற்பதே லாபம். அதன் பக்கத்தில் வெட்டியிருக்கும் எண், அதன் முனைக்கும் ரீட்டுக்கும் இடையிலான திறப்பின் அளவைக் காட்டும். பிற்பாடு யாராவது அந்த முனையைத் தேய்த்து மாற்றியிருக்கிறார்களா என்று டெனர் வாசிக்கும் ஒருவரிடம் காட்டிக் கேட்டபின் விலை சொல்லுங்கள்.

அஞ்சலில் அனுப்ப நேர்ந்தால், பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். பழைய பெட்டிகளுக்குள் வாத்தியம் அசையும். கீழே விழும்போது பெட்டிக்கு ஒன்றும் ஆகாமலே உள்ளே உடல் வளைந்துவிடும், கீகள் ஒன்றும் மூடாது. மெல்லிய கார்க் துண்டுகளைச் செருகிக் கீகளை மூடிய நிலையில் நிறுத்தி, உடலைச் சுற்றியுள்ள இடைவெளி முழுவதையும் மென்மையான பொருளால் நிரப்பி, பெட்டியை ஓர் அட்டைப்பெட்டிக்குள்ளும் அதை இன்னொன்றுக்குள்ளும் வைத்து, இரண்டுக்கும் நடுவே நான்கு பக்கமும் மெத்தை கொடுங்கள். நெக்கைத் தனியே சுற்றிப் பெட்டியின் அறையில் வையுங்கள். பெல்லுக்குள் திணித்து அனுப்பினால் உள்ளேயே உருண்டு இரண்டையும் நசுக்கிவிடும். விற்கும் விலை முழுவதற்கும் காப்பீடு செய்து, பொதி கட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேதம் ஏற்பட்டால் அஞ்சல் நிறுவனம் முதலில் கேட்பது அந்தப் படங்களைத்தான்.